அப்பா கேட்ட ரசீது

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு வாக்கியம் கட்டாயம் நினைவிருக்கும். "எல்லாம் போட்டுக் குடுத்துடறோம்." ஆட்டோவும் கைவண்டியும் முட்டிக்கொண்டு நிற்கும் அந்தத் தெருவில் மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர் என்று பில் நீளும். பில்லில் ஏறாத ஒன்றுதான் இந்த 'எல்லாம்'. விண்டோஸ், வேர்டு, பேஜ்மேக்கர், டர்போ சி, பையன் இருக்கும் வீடென்றால் கார் ரேஸ் விளையாட்டு ஒன்று. கேட்காமலேயே வரும், மளிகைக் கடையில் கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலை போல.

1998ல் நானும் அப்பாவும் அங்கே போனோம். அப்பா கோலார் தங்க வயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 27 ஆண்டு வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போன சுரங்கம் அது. விருப்ப ஓய்வில் வந்த பணத்தில் அம்மா பிடித்துவைத்திருந்த ரூ.38,000 எங்கள் கையில் இருந்தது. நான் மாரிகுப்பம் ரயிலில் தினமும் பெங்களூர் வந்து, ஒரு பயிற்சி நிலையத்தில் 'சி' மொழி படித்துக்கொண்டிருந்தேன். போக ஏறத்தாழ 100 கிலோமீட்டர், வர 100. அங்கே நாளுக்கு ஒரு மணி நேரம்தான் மெஷின் கிடைக்கும், அதுவும் இரண்டு பேருக்கு ஒன்று. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால்தான் இந்தப் படிப்பு வேலையாக மாறும் என்று அப்பாவிடம் நான்தான் வாதாடியிருந்தேன்.

கடைக்காரர் 'எல்லாம்' போடுவதற்குத் தட்டை எடுத்தார். அப்பா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுக்கு ரசீது எங்க சார்?"

"அதெல்லாம் ஃப்ரீங்க."

"ஃப்ரீன்னா யாரு குடுத்தாங்க?"

கடைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால் உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். ஒரு கல் துண்டு மடியில் இருந்தால் வேலை போகும், வழக்கும் வரும். 27 ஆண்டு கையை உயர்த்திக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்த மனிதர், ரசீது இல்லாத ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு கடையைவிட்டு வெளியே வர மாட்டார். எனக்கு அழுகை வந்தது. வாங்கிய பெட்டியை வெறும் பெட்டியாகவே ரயிலில் ஏற்றினோம். தம்பி ஒரு வாரம் கேலி செய்தான்.

சட்டமும் அப்பா பக்கம்தான் இருந்தது. அது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது. காப்புரிமைச் சட்டத்தில் 1994ல் வந்த திருத்தம், திருட்டு மென்பொருளைத் தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவருக்குக் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை என்கிறது. லாப நோக்கம் இல்லையென்றால் அபராதத்தோடு விட்டுவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எஸ்.பி. ரோட்டில் இதை நினைத்து யாரும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

கம்பைலர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் எழுதும் நிரல், கோதுமை மாதிரி. அதை அப்படியே கம்ப்யூட்டர் தின்னாது. அரைத்து மாவாக்கித் தர வேண்டும். அந்த மாவு மில்தான் கம்பைலர். கல் பொறுக்கி, புடைத்து, மில்லுக்கு அனுப்பத் தயார் செய்யும் முறம்தான் எடிட்டர். இரண்டும் வேறு வேறு. ஆனால் போர்லாண்ட் கம்பெனியின் டர்போ வரிசை இரண்டையும் ஒரே நீலத் திரைக்குள் சேர்த்துவிட்டது. 1983ல் டர்போ பாஸ்கல் 49.95 டாலருக்கு வந்தபோது அது பெரிய புரட்சி. அதற்கு முன் கம்பைலர்கள் பல நூறு டாலருக்கு விற்றன. இந்தியாவில் ஒரு தலைமுறையே அந்த நீலத் திரைதான் 'சி' மொழி என்று நம்பி வளர்ந்தது. முறமும் மில்லும் தனித்தனி என்பதே பலருக்குத் தெரியாமல் போனது. இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு வழி காட்டியது ரயில் நிலையப் புத்தகக் கடை. 1996ல் 'பிசி க்வெஸ்ட்' பத்திரிகை, லினக்ஸ் சிடியை இதழோடு இணைத்துக் கொடுக்கத் தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர் பெங்களூர்வாசியான அதுல் சிட்னிஸ். ஆண்டுதோறும் புதிய பதிப்பு வரும். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த மாலை ஒன்றில் அப்படி ஓர் இதழ் கண்ணில் பட்டது. வழக்கமான இதழைவிட விலை கூட. இரண்டு நாள் மதியச் சாப்பாட்டுக் காசு போனது.

இன்டர்நெட் இல்லையா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். இருந்தது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985லேயே பெங்களூரில் கடை விரித்து செயற்கைக்கோள் இணைப்பு வாங்கிவிட்டது. இந்திய அறிவியல் கழகத்தில் எர்னெட் இருந்தது. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கும் இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் அவை எல்லாம் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம். பெங்களூருக்கு முன்பே, 1902லேயே மின்சாரம் பார்த்த எங்கள் ஊரில் தொலைபேசி இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். இலவசமாகக் கிடைப்பதும் கைக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல என்பது அப்போதே எங்களுக்குப் புரிந்திருந்தது.

லினக்ஸ் ஏற்றுவதற்கு ஐந்து இரவுகள் ஆயின. துவக்க ஃப்ளாப்பி ஒன்றைப் பயிற்சி நிலையத்தில் எழுதி எடுத்து வந்தேன். ஹார்ட் டிஸ்க்கைப் பிரிப்பது பற்றி இதழில் இருந்த நான்கு பக்கத்தை ரயிலில் படித்துப் படித்து மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து, என் பெயரைக் கேட்டு நின்றது. அப்பா ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அதே கேள்வி பாக்கி இருந்தது: "இதுக்காவது காகிதம் இருக்குதாம்மா?"

இருந்தது. கம்பைலரோடு 'காப்பியிங்' என்ற பெயரில் ஒரு கோப்பு வந்திருந்தது. குனு பொது உரிமம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வரி வரியாகத் தமிழ்ப்படுத்திச் சொன்னேன். இதை நகல் எடுக்கலாம். பிறருக்குக் கொடுக்கலாம். நகலெடுக்கும் கூலியாகக் காசும் வாங்கலாம். உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் யாருக்குக் கொடுத்தாலும் இதே உரிமைகளை அவருக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

அப்பா நெடுநேரம் யோசித்தார். "அப்போ கேட் பாஸோட வெளிய வருது" என்றார். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு உள்ள கனம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. "ஏமாத்து எங்க இருக்குது?" என்று அடுத்த கேள்வி. கடைசியில் பெரிய எழுத்தில் இருந்ததைக் காட்டினேன்: இதனால் எந்த நஷ்டம் வந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல. அப்பா தலையாட்டினார். "சுரங்கத்துலயும் அப்படித்தான்."

அந்தக் காகிதத்துக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் பயன்படுத்தவும் பகிரவும் கூடிய ஒரு முழு இயங்குதளத்தை எழுதப்போவதாக 1983ல் அறிவித்தார். முதலில் ஒரு கம்பைலர் வேண்டுமே! ஆம்ஸ்டர்டாமில் 'சுதந்திரப் பல்கலைக்கழகம்' என்று ஒன்று இருக்கிறது. அங்கே உருவான கம்பைலர் தொகுப்பின் பெயரிலும் அந்தச் சொல் இருந்தது. பயன்படுத்தலாமா என்று எழுதிக் கேட்டார். பல்கலைக்கழகம்தான் ஃப்ரீ, கம்பைலர் ஃப்ரீ இல்லை என்று கிண்டலாகப் பதில் வந்ததாம். பிறகு தாமே எழுதத் துணிந்தார். 1985ல் ஈமாக்ஸ் எடிட்டர் வந்தது. டேப்பில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பி, அந்தப் பணத்தில் காலம் தள்ளினார். 1987ல் ஜிசிசி கம்பைலர் வெளியானது. ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் லினக்ஸைக் கட்டியதும் அந்த ஜிசிசியைக் கொண்டுதான்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இரண்டு பொருளையும் சுமந்து திண்டாடுகிறது. தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. எஸ்.பி. ரோட்டின் டர்போ சி இலவசம், கட்டற்றது அல்ல. நான் காசு கொடுத்து வாங்கிய சிடி கட்டற்றது, இலவசம் அல்ல. என் அப்பா ஆங்கிலம் தெரியாமலே இதைப் பிரித்துவிட்டார்.

முதல் வாரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பயிற்சி நிலையத்தில் 8 ஃபேக்டோரியல் கண்டுபிடிக்கும் நிரல் எழுதினோம். 1 முதல் 8 வரை பெருக்கினால் 40,320 வர வேண்டும். திரையில் வந்தது மைனஸ் 25,216. "அதுக்கு மேல கம்ப்யூட்டர் தாங்காது" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டார் ஆசிரியர். அதே நிரலை வீட்டில் ஜிசிசியில் ஓட்டினேன். 40,320 என்று கச்சிதமாக வந்தது. டர்போ சி ஒரு முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான் ஒதுக்கும். 32,767க்கு மேல் போனால் எண் கரணம் அடித்து எதிர்ப்பக்கம் விழும். என் மெஷினில் ஜிசிசி ஒதுக்கியது 32 பிட். அதுவும் 13 ஃபேக்டோரியலில் கரணம் அடித்தது. அதையும் பார்த்த பிறகுதான் எண்களுக்கு வீடு உண்டு, வீட்டுக்குச் சுவர் உண்டு என்பது மண்டையில் ஏறியது. தாங்காதது கம்ப்யூட்டர் அல்ல.

பயிற்சி நிலையத்தில் எழுதிய நிரல்கள் பாதிக்குமேல் வீட்டில் ஓடவில்லை. திரையைத் துடைக்கும் 'கிளியர் ஸ்கிரீன்' கட்டளை, ஒரு விசை அழுத்தும்வரை காத்திருக்கும் 'கெட்ச்', இவை இருக்கும் 'கோனியோ' என்ற தலைப்புக் கோப்பு, எதுவும் லினக்ஸில் இல்லை. அவை 'சி' மொழியின் பாகமே அல்ல, போர்லாண்ட் வைத்த சொந்தச் சாமான்கள். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தபோது மீந்து நின்றதுதான் உண்மையான மொழி. அடுத்த ஆண்டு இந்திராநகரில் ஒரு சின்னக் கம்பெனியில் நேர்முகத் தேர்வு. கருவிகளுக்குள் பொருத்தும் சில்லுகளுக்கு நிரல் எழுதும் இடம். ஜிசிசி தெரியுமா என்று கேட்டார்கள். அறையில் காத்திருந்த பதினோரு பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது, எங்கள் தெருவில் சம்பளம் வந்துகொண்டிருந்த வீடுகளில் எங்களுடையதும் ஒன்று.

அதே 2001ல் 'லினக்ஸ் பெங்களூர்' மாநாடு தொடங்கியது. பிறகு 'ஃபாஸ் டாட் இன்' என்று பெயர் மாறி, 2012 வரை நடந்தது. சிட்னிஸும் நண்பர்களும் நடத்தினார்கள். அவர் 2013ல் காலமானார். பெரிய மனிதர்கள் பேசியது இருக்கட்டும். தாழ்வாரத்தில் யாராவது ஒருவர் சிடி எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பார்; எனக்கு அதுதான் மாநாடு. பன்னேர்கட்டா ரோடு பக்கம் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில், சுதந்திர மென்பொருள் இயக்கத்து இளைஞர்கள் அம்பேத்கர் பெயரில் ஒரு கம்ப்யூட்டர் மையம் நடத்தினார்கள். பழைய மெஷின்கள், கட்டற்ற மென்பொருள், வார விடுமுறையில் பாடம் எடுக்க மென்பொருள் கம்பெனி ஊழியர்கள். கட்டடம் கட்டிப் பலகை மாட்டும் எந்தத் திட்டத்தையும்விட இந்த மாதிரி வேலைகள் மீது எனக்கு மரியாதை அதிகம்.

இப்போது என் தம்பி மகளுக்கு வருகிறேன். பி.சி.ஏ. கடைசி ஆண்டு. அவளும் மாரிகுப்பம் ரயில்தான். சென்ற ஆண்டு ஒரு நாள் போன் செய்தாள். "அத்தை, ப்ரோக்ராம் எனக்கு நல்லா தெரியும் அத்தை. ஆனா ஜீரோ போட்டுட்டாங்க." கல்லூரிக்கு வந்த ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வு. அவள் எழுதிய சி பிளஸ் பிளஸ் நிரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. காரணம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம், எனக்கு வரவில்லை. அவள் கல்லூரி லேபில் இன்னும் டர்போ சி பிளஸ் பிளஸ். அந்தப் பதிப்பு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது; சி பிளஸ் பிளஸ்ஸுக்குச் சர்வதேசத் தரம் வகுத்ததே 1998ல்தான். புதிய விண்டோஸில் அது ஓடாது என்பதால், டாஸ்பாக்ஸ் என்ற போலிப் பழைய கம்ப்யூட்டரை உள்ளே உருவாக்கி, அதற்குள் ஓட்டுகிறார்கள். நான் பார்த்த அதே நீலத் திரை.

சரி, வீட்டில் நல்ல கம்பைலர் போட்டுக்கொள்ளக் கூடாதா? தேடியிருக்கிறாள். 'ஃப்ரீ கம்பைலர் டவுன்லோட்' என்று அடித்ததும் வந்த பக்கத்தில் நான்கு பச்சைப் பொத்தான்கள். ஒன்றை அழுத்த, இரண்டாம் கையாக வாங்கிய லேப்டாப்பில் விளம்பரங்கள் குடியேறின. பிறகு யாரோ சொன்னார்கள் என்று விஎஸ் கோட் ஏற்றினாள். அழகான எடிட்டர். நிரலை ஓட்டச் சொன்னால், அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்கிறது விண்டோஸ். முறம் வாங்கியாயிற்று, மில் இல்லை. நீலத் திரையில் பழகியவளுக்கு இரண்டும் வேறு என்று யார் சொல்வார்கள்? ஜிசிசியின் சொந்தத் தளத்துக்கே போனாள். அங்கே மூல நிரல் மட்டும்தான் தருவார்கள், விண்டோஸுக்குத் தயார் நிலையில் எதுவும் இருக்காது. மில்லைக் கேட்டால் மில் கட்டும் வரைபடம்!

எனக்கு ஒரு சிடி கிடைப்பது கஷ்டமாக இருந்தது. அவளுக்கு ஆயிரம் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. ரயிலில் யாராவது ஒருவர் இது நல்லது, இது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். இதே நிலையில் உள்ள பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். விண்டோஸ் என்றால் எம்சிஸ் 2 என்ற தொகுப்பு வழியாக ஜிசிசியை வாங்கலாம். அது சிரமமென்றால் கோட் பிளாக்ஸ் இருக்கிறது. அதன் பக்கத்தில் பல கோப்புகள் இருக்கும். பெயரில் 'மிங்டபிள்யூ' என்று உள்ளதை எடுக்க வேண்டும், அதில்தான் கம்பைலரும் சேர்ந்து வரும். மெமரி குறைந்த பழைய மெஷின் என்றால் உபுன்டு, டெபியன் போன்ற ஒரு லினக்ஸைப் போட்டு, 'பில்ட் எசென்ஷியல்' என்ற ஒரு தொகுப்பை ஏற்றினால் மில் தயார். முறத்துக்கு ஜீனி என்ற சின்ன எடிட்டர் போதும். போன் மட்டும்தான் உண்டு என்பவர்கள் டெர்மக்ஸில் கிளாங் கம்பைலரை ஏற்றலாம். பைத்தானுக்கு அதன் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் போக வேண்டாம். சொல்லிக்கொடுக்க ஆளில்லையே என்றால், மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் சி, சி பிளஸ் பிளஸ் பாடங்கள் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன. கணியம் இதழையும் பார்க்கலாம். 'எழில்' என்று, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் மொழியை முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கித் திறந்து வைத்திருக்கிறார். வேலைக்கு உதவாவிட்டாலும் ஒரு முறை எழுதிப் பார்த்தால் மனசு நிறையும்.

விஎஸ் கோட் பற்றி ஒரு வார்த்தை. அதன் மூல நிரல் கட்டற்றது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறங்கும் கோப்புக்கு உரிமம் தனி. அப்பா இருந்திருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகக் காகிதம் கேட்டிருப்பார்.

விம் எடிட்டரையும் அவளுக்குக் காட்டினேன். திறந்தவுடன் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி நிற்கும். நெதர்லாந்தின் பிராம் மூலெனார் 1991ல் வெளியிட்ட எடிட்டர் அது. விலை கேட்காமல், முடிந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்றார். 2023ல் காலமாகும்வரை எடிட்டரை அவர்தான் பராமரித்தார். "இவ்ளோ பேர் சும்மா குடுத்தும் எங்க லேபுக்கு வரலையே அத்தை" என்றாள். லேபை நடத்துபவர்களை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. பாடத்திட்டம், அச்சான கையேடு, வெளித் தேர்வாளர் என்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கல்லை உருவ யாருக்கும் தைரியம் இல்லை.

அடுத்த கம்பெனித் தேர்வில் அவள் முதல் சுற்று தேறினாள், நேர்முகத்தில் தேறவில்லை. மூன்றாவது கம்பெனியின் முடிவுக்காகக் காத்திருக்கிறாள். இதற்கிடையில் அவள் பென் டிரைவ் வகுப்பில் கை மாறுகிறது. உள்ளே கோட் பிளாக்ஸ், ஜீனி, அவற்றின் 'காப்பியிங்' கோப்புகள். லேப் உதவியாளரும் ஒரு நகல் வாங்கிக்கொண்டாராம். ரெகார்டு நோட்டில் மட்டும் இரண்டு இரண்டாக எழுதுகிறாள். வலது பக்கம் தேர்வாளருக்காக, பழைய தலைப்புக் கோப்போடு. இடது பக்கம் பென்சிலில், ஓடுகிற நிரல்.